பென்சில்வேனியாவிலிருந்து நியூஜெர்சிக்கு வீடு மாறுகிறேன்: துப்பாக்கியை என்ன செய்வது?

அலன்டவுன்காரன் | 2024 அக்டோபர் 6

எல்லாருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் கிரீன் கார்டில் இருக்கிறேன். 2020இல் அலன்டவுன் பக்கம் வீடு வாங்கிய பிறகு ஒரு 9 எம்எம் பிஸ்டல், அப்புறம் ஒரு பம்ப் ஷாட்கன் வாங்கினேன். இரண்டுமே கடையில், பின்னணிச் சோதனை முடித்து வாங்கியவை. கவுன்டி ஷெரீஃப் அலுவலகத்தில் கேரி லைசென்ஸும் (துப்பாக்கியை வெளியே எடுத்துப் போக உரிமம்) எடுத்து வைத்திருக்கிறேன். பிஸ்டலோடு வந்த மேகசின் இரண்டு, ஒவ்வொன்றும் 15 தோட்டா பிடிக்கும். வீட்டுக் காவலுக்கு என்று ஒரு பெட்டி ஹாலோ பாயின்ட் (முனை குழிந்த) தோட்டாவும் உண்டு.

இப்போது நியூஜெர்சி எடிசனில் வேலை கிடைத்திருக்கிறது. டிசம்பரில் குடும்பத்தோடு மாறுகிறோம். போன வாரம் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். மூன்று தளம் பார்த்தேன், மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒரு துப்பாக்கிக் கடையில் கேட்டால், கவுன்டரில் இருந்தவர் "பதினைந்து தோட்டா வரைக்கும் பிரச்சினை இல்லை" என்றார். அது சரியா என்றே சந்தேகமாக இருக்கிறது.

ஊரில் என் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ். தேர்தல் அறிவித்துவிட்டால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் போய் வாங்கி வருவார். குமரியில் இருந்தாலும் காஷ்மீரில் இருந்தாலும் அதே 1959 ஆயுதச் சட்டம்தான். இங்கே டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் எல்லாமே வேறு என்கிறார்கள். என் லைசென்ஸ் அந்தப் பக்கம் செல்லுமா? செல்லாது என்றால் எப்படிக் கொண்டுபோவது?

பிட்ஸ்பர்க் பாலு | அக்டோபர் 6

இதுக்கா இவ்வளவு கவலை, சகோ? டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான் இதுவும். நான் ஒஹாயோ, வெஸ்ட் வர்ஜீனியா என்று மாதத்துக்கு இரண்டு தடவை போய் வருகிறேன், இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. காரில் முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் க்ளவ் பாக்ஸில் வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

ராரிட்டன் கரை | அக்டோபர் 6

பாலு தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னதை நம்பி இவர் கிளம்பினால் போய்ச் சேரும் இடம் எடிசனாக இருக்காது.

ஒஹாயோவும் வெஸ்ட் வர்ஜீனியாவும் 21 வயது முடிந்தவரிடம் லைசென்ஸே கேட்காத மாநிலங்கள். வெஸ்ட் வர்ஜீனியா 2016இலும் ஒஹாயோ 2022இலும் அப்படி மாறின. அதனால்தான் உங்களை யாரும் கேட்கவில்லை. உங்கள் லைசென்ஸ் அங்கே செல்லுபடியானதற்கு அது சாட்சி ஆகாது. நியூஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் கேரி லைசென்ஸையும் ஏற்பதில்லை. பக்கத்து மாநிலம் என்ற தயவெல்லாம் கிடையாது.

இங்கே இருக்கும் பழைய ஆட்களுக்கு இந்தக் கதை தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். 2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், சின்னக் குழந்தைகளைத் தனியாக வளர்ப்பவர், அட்லான்டிக் சிட்டி பக்கம் கார் ஓட்டி வந்தார். பென்சில்வேனியா கேரி லைசென்ஸ் கையில் இருந்தது. போக்குவரத்துத் தவறுக்காகப் போலீஸ் நிறுத்தியது. அவராகவே "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ லைசென்ஸ்" என்று சொன்னார். அங்கேயே கைது. குறைந்தபட்சம் மூன்றரை வருடச் சிறை என்று நின்றது வழக்கு. ஊரெல்லாம் பேசி, பத்திரிகையெல்லாம் எழுதி, 2014இல் சிறைக்குப் பதிலாக, விசாரணைக்கு முந்தைய மாற்றுத் திட்டத்தில் சேர்த்தார்கள். 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்தார். ஒளித்து வைத்து மாட்டியவர் அல்ல அவர், நேர்மையாகச் சொல்லி மாட்டியவர்.

அதற்கப்புறம் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், இந்த மாதிரி வெளிமாநில லைசென்ஸ்காரர்கள் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக நடக்கலாம் என்று அரசுத் தரப்பு வக்கீல்களுக்கு வழிகாட்டியது. அது அவர்களுடைய விருப்பம்தான், உங்களுடைய உரிமை அல்ல. சட்டம் அப்படியே இருக்கிறது. பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது இரண்டாம் நிலைக் குற்றம், ஐந்திலிருந்து பத்து வருடம். துப்பாக்கிக் குற்றத்துக்குக் கட்டாயச் சிறை வைக்கும் கிரேவ்ஸ் சட்டப்படி முதல் 42 மாதம் பரோல் கிடையாது.

ராரிட்டன் கரை | அக்டோபர் 6

மேலே பயமுறுத்தியதோடு விட்டுவிட்டேன், வழியையும் சொல்லிவிடுகிறேன். நான் எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் கவுன்டியில் பதினைந்து வருடமாக இருக்கிறேன், களிமண் தட்டு சுடுவதில் பைத்தியம். வக்கீல் இல்லை.

வீடு மாறும்போது பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குத் துப்பாக்கி கொண்டுவருவதை நியூஜெர்சி சட்டமே விதிவிலக்காக வைத்திருக்கிறது. தோட்டா எடுத்த துப்பாக்கி, நன்றாக மூடிக் கட்டிய உறையில் அல்லது பெட்டியில், இல்லாவிட்டால் பூட்டிய டிக்கியில் இருக்க வேண்டும். வழியில் தேவைக்கு மேல் எங்கும் நிற்கக் கூடாது. பெட்ரோல் போடலாம், பாத்ரூம் போகலாம். நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் இறங்கித் தோசை சாப்பிட்டுவிட்டு, துணிக்கடை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

மேகசின் பற்றி அந்தக் கடைக்காரர் சொன்னது பழைய சட்டம். 2018 வரை இங்கே 15 தான் எல்லை. அந்த வருடம் 10 ஆகக் குறைத்தார்கள். விற்பது, வாங்குவது மட்டுமில்லை, வீட்டில் சும்மா கிடந்தாலும் தவறு. இது மாநிலத்துக்கு மாநிலம் எப்படி வேறுபடுகிறது பாருங்கள்: மேரிலாந்தும் பத்து என்றுதான் சொல்கிறது, ஆனால் அங்கே விற்பனைக்கும் கைமாற்றத்துக்கும்தான் தடை, ஏற்கெனவே உங்களிடம் இருப்பதை வைத்திருக்கலாம். டெலவேரில் எல்லை 17. 2024 ஜூலையில் ஒரு ஃபெடரல் நீதிபதி நியூஜெர்சியின் ஏஆர்-15 ரைஃபிள் தடையில் ஒரு பகுதி செல்லாது என்றார், அதே தீர்ப்பில் மேகசின் எல்லை செல்லும் என்றும் சொன்னார். உங்கள் இரண்டு மேகசினும் ஆற்றைத் தாண்டக் கூடாது.

ஹாலோ பாயின்ட்தான் எல்லாருக்கும் தலைவலி. வீட்டில் வைத்திருக்கலாம், சுடும் பயிற்சி ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாம், வாங்கிய கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரலாம். பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு என்று அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. ஐம்பது தோட்டாவுக்காக எதற்கு ஆராய்ச்சி? கிளம்புவதற்கு முன் ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.

வந்து சேர்ந்ததும் 60 நாள் கணக்கு ஆரம்பிக்கும். 2022க்குப் பிறகு புதிதாக வருகிறவர்கள் அந்த நாட்களுக்குள் எஃப்ஐடி கார்டுக்கு (துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை) விண்ணப்பிக்க வேண்டும், கைத்துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். உள்ளூர்ப் போலீஸ்தான் பார்ப்பார்கள். கைரேகை, உங்களுக்காகச் சொல்ல இரண்டு பேர், மனநலப் பதிவேடு பார்க்கச் சம்மதம், இதெல்லாம் கேட்பார்கள். எடிசனில் தமிழர்களுக்கா பஞ்சம், இரண்டு பேர் கிடைப்பார்கள். ஆனால் துப்பாக்கி என்று சொன்னதும் பாதிப்பேர் போனை வைத்துவிடுவார்கள், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

பிட்ஸ்பர்க் பாலு | அக்டோபர் 7

அக்கா, நிஜமாகவே தெரியாது. என் பதிவை நீக்கிவிடட்டுமா?

ராரிட்டன் கரை | அக்டோபர் 7

வேண்டாம், இருக்கட்டும். நாளைக்கு இதையே நினைத்துக்கொண்டு ஒருத்தர் வருவார், அவருக்கு உதவும்.

கூடலூர் கோபி | அக்டோபர் 7

க்ளவ் பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. மாநிலம் விட்டு மாநிலம் கடந்து போகிறவர்களுக்கு 1986இல் வந்த ஃபெடரல் சட்டம் ஒன்று இருக்கிறது, ஃபோப்பா என்பார்கள். கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் உங்கள் துப்பாக்கி சட்டபூர்வமாக இருந்தால், நடுவில் எந்த மாநிலம் வந்தாலும் கடந்து போகலாம். தோட்டா எடுத்திருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும்படி இருக்கக் கூடாது. டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி க்ளவ் பாக்ஸாகவோ இரண்டு சீட்டுக்கு நடுவில் உள்ள கன்சோலாகவோ இருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பாலு சொன்ன இடம் பெயர் சொல்லி விலக்கப்பட்ட இடம்!

இந்தச் சட்டத்தை நம்பி மாட்டிக்கொண்டவரும் உண்டு. அதிலும் அவர் போக இருந்த ஊர் அலன்டவுன். 2005இல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் அலன்டவுன் போக விமானம் ஏறினார். துப்பாக்கி முறைப்படி அறிவித்து, பூட்டி, செக்-இன் செய்த பெட்டியில் இருந்தது. நியூவார்க்கில் இணைப்பு விமானம் தவறியது. பெட்டியும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கடைசியில் பெட்டியை வாங்கிக்கொண்டு விமான நிலைய ஓட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை கவுன்டரில் "பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது" என்று விதிப்படி சொன்னார். கைது செய்து சில நாள் உள்ளே வைத்தார்கள். குற்றச்சாட்டைப் பிறகு கைவிட்டார்கள். அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 2010இல் நியூஜெர்சியும் அடங்கிய மூன்றாம் வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஓட்டலில் இருந்த நேரத்தில் பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது, ஆகவே ஃபோப்பா காப்பாற்றாது என்று.

விமானம் தாமதமானது அவர் தப்பு இல்லை என்று நீதிபதிகளுக்கும் தெரிந்தேதான் இருந்தது. ஆனாலும் தீர்ப்பு அதுதான். அதனால் நியூவார்க் வழியாகப் போகிறவர்கள் விமானம் தவறினால் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள், விமான நிறுவனத்திடமே இருக்கட்டும்.

ஹூஸ்டன் வெயில் | அக்டோபர் 7

இதெல்லாம் படிக்கும்போது டெக்சஸில் இருப்பதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது :) இங்கே 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸே தேவையில்லை. 21 வயது, தடை எதுவும் இல்லை என்றால் போதும், இடுப்பில் மாட்டிக்கொண்டு போகலாம். கடை வாசலில் 30.06, 30.07 போர்டு இருக்கிறதா, மதுக்கடையில் 51% போர்டு இருக்கிறதா (எல்லாமே துப்பாக்கியோடு நுழையக் கூடாது என்று சொல்பவை) என்று மட்டும் பார்த்துக்கொண்டால் முடிந்தது.

கூடலூர் கோபி | அக்டோபர் 8

முடியவில்லை, சார். 30.05 என்றும் ஒரு போர்டு இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உரியது அதுதான்.

இன்னொன்று கேட்கிறேன். பிள்ளையைக் காலையில் பள்ளியில் இறக்கிவிடுவது யார்? பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது ஃபெடரல் சட்டம். 1990இல் வந்தது, 1995இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது, காங்கிரஸ் மறுவருடமே திருத்தி மறுபடி கொண்டுவந்துவிட்டது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமலே போகலாம் என்று டெக்சஸ் சொல்வதால் அந்த விலக்கு கிடைக்காது. நகரத்துக்குள் எந்தத் தெருவில் போனாலும் ஏதோ ஒரு பள்ளியின் 1000 அடிக்குள்தான் வருவீர்கள். தோட்டா எடுத்துப் பூட்டிய பெட்டியில் வைத்தால் சரி, உங்கள் சொந்த வீட்டு எல்லைக்குள் என்றால் சரி.

ஹூஸ்டன் வெயில் | அக்டோபர் 8

தினமும் நான்தான் இறக்கிவிடுகிறேன். இந்த வாரமே எல்டிசி (டெக்சஸ் கேரி லைசென்ஸ்) வகுப்பில் சேர்கிறேன். நன்றி.

பெயர் வேண்டாம் | அக்டோபர் 8

நான் எச்1பி-யில் இருக்கிறேன். சொந்தமாகத் துப்பாக்கி இல்லை. ஆபீஸ் நண்பர்கள் சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கேயே வாடகைக்குத் துப்பாக்கி தருகிறார்களாம். சும்மா பத்து ரவுண்டு சுட்டுப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

ராரிட்டன் கரை | அக்டோபர் 8

தம்பி, போகாதீர்கள். போனாலும் காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பாருங்கள்.

இது மாநிலச் சட்டம் இல்லை, ஃபெடரல். எச்1பி, எச்4, எஃப்1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. வைத்திருப்பது என்றால் சொந்தமாக இருப்பது மட்டுமில்லை, கையில் பிடிப்பதும்தான். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், ஃபுளோரிடாவில் படிக்க வந்து விசா தகுதியை இழந்த ஒரு மாணவர் செய்தது ரேஞ்சில் போய்ச் சுட்டதுதான். தன் தகுதி போய்விட்டது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஒரு வரிக்காக அவர் வருடக்கணக்கில் அலைந்தார்.

ஒரு விலக்கு இருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. பென்சில்வேனியாவில் முதல் தடவை எடுக்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டு, ஒரு குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள்.

கூடலூர் கோபி | அக்டோபர் 8

அலன்டவுன்காரருக்கும் இதில் ஒன்று இருக்கிறது. கிரீன் கார்டுக்காரர் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் தடை கிடையாது. ஆனால் துப்பாக்கிச் சட்டம் எதை மீறித் தண்டனை பெற்றாலும், அதை வைத்தே நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. குடிமகனுக்குச் சிறையோடு முடிவது நமக்கு அதோடு முடியாது. இவ்வளவு பேர் சேர்ந்து உங்களைப் பயமுறுத்துவது அதற்காகத்தான்.

அப்புறம், நியூஜெர்சியில் 2022 முதல் கஞ்சாவைக் கடையில் விற்கிறார்கள். மாநிலத்தில் சட்டபூர்வம்தானே என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்திலேயே, மாநிலம் என்ன சொன்னாலும் ஃபெடரல் சட்டப்படி கஞ்சா குற்றம்தான் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். குடியேற்ற விஷயத்திலும் அதே கதைதான்.

அலன்டவுன்காரன் | அக்டோபர் 9

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தூங்கவில்லை. பேசாமல் பிஸ்டலை இங்கேயே ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு, அங்கே போன பிறகு வேண்டுமென்றால் பென்சில்வேனியா வந்து வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

பிட்ஸ்பர்க் பாலு | அக்டோபர் 9

இந்தத் தடவை சரியாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கியை நண்பருக்குச் சும்மா கொடுத்துவிட முடியாது. கடை வழியாகவோ ஷெரீஃப் வழியாகவோ சோதனை முடித்துத்தான் கைமாற்ற வேண்டும். நியூஜெர்சிவாசி ஆன பிறகு இங்கே வந்து கைத்துப்பாக்கி வாங்கி எடுத்துக்கொண்டு போகவும் முடியாது, 1968 ஃபெடரல் சட்டப்படி உங்கள் மாநிலக் கடை வழியாகத்தான் வர வேண்டும். ஷாட்கன், ரைஃபிள் என்றால் இங்கே கடையில் வாங்கலாம், இரண்டு மாநிலச் சட்டமும் ஒத்துக்கொண்டால்.

மேகசினுக்கு இங்கே எந்த விதியும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். எனக்குக் கொடுத்தாலும் சரிதான் :)

ராரிட்டன் கரை | அக்டோபர் 9

பாருங்கள், பாலு தம்பி தேறிவிட்டார்.

அலன்டவுன்காரரே, பிஸ்டலை விட்டுவிடாதீர்கள். இங்கே புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்க ஒவ்வொன்றுக்கும் தனி பெர்மிட், ஒவ்வொரு பெர்மிட்டுக்கும் 90 நாள் ஆயுள். இருப்பதைக் கொண்டுவந்து பதிவு செய்வதே சுலபம். பத்துத் தோட்டா மேகசின் கடையில் கிடைக்கும். இடுப்பில் மாட்டிக்கொண்டு வெளியே போக ஆசை இருந்தால் அது தனிக் கதை. 2022இல் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, "எதற்காக வேண்டும் என்று நிரூபி" என்ற கேள்வி இங்கேயும் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பயிற்சி, நான்கு பேர் சாட்சி, 200 டாலர் கட்டணம், எங்கெங்கே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு நீளமான பட்டியல். முதலில் எஃப்ஐடி எடுங்கள். மற்றதை அடுத்த வருடம் பேசலாம்.

மட்டுறுத்துநர் | அக்டோபர் 9

வழக்கமான நினைவூட்டல்: இங்கே எழுதுகிறவர்கள் யாரும் உங்கள் வக்கீல் இல்லை. மாநிலப் போலீஸ் தளத்தையும் சட்டப் பிரிவையும் நேரடியாகப் படியுங்கள். பதிவு எந்த வருடத்தது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

அலன்டவுன்காரன் | 2025 ஜனவரி 11

திரும்பி வந்து சொல்லாமல் போகிறவர்களைப் பார்த்து நானே எரிச்சல்பட்டிருக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன்.

வந்தாயிற்று. ஹாலோ பாயின்ட் முழுவதும் நவம்பரில் ரேஞ்சில் காலி. மேகசின் இரண்டும் பழைய அலுவலக நண்பர் வீட்டில் (பாலு மன்னிக்கவும், பிட்ஸ்பர்க் தூரம்). துப்பாக்கிகளை லாரியில் போடாமல் என் காரிலேயே, தோட்டா எடுத்து, பூட்டிய பெட்டியில், டிக்கியில் கொண்டுவந்தேன். வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மகன் "பாத்ரூம் பாத்ரூம்" என்று அழுதபோதுகூட ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

எஃப்ஐடிக்கு விண்ணப்பித்துவிட்டேன். அக்கா சொன்ன மாதிரியே, சாட்சி கேட்டு நான்கு பேருக்குப் போன் போட்டேன், இரண்டு பேர் மிச்சம்.

ஒரே ஒரு சின்ன விஷயம். மகனுக்குப் போன பிறந்தநாளுக்கு ஒரு பிபி துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தேன். மெரினாவில் பலூன் சுடுவோமே, அந்த மாதிரி நீளமானது. அது பொம்மைகளோடு பெட்டியில் லாரியில் வந்துவிட்டது. அதில் ஒன்றும் இல்லைதானே?

ராரிட்டன் கரை | ஜனவரி 11

ஐயோ! நியூஜெர்சியில் அதுவும் துப்பாக்கிதான். காற்றில் சுட்டாலும் ஸ்பிரிங்கில் சுட்டாலும் சட்டத்தின் கண்ணுக்கு அதற்கும் உங்கள் ஷாட்கன்னுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் வாங்கவே எஃப்ஐடி கேட்பார்கள். பிஸ்டல் வடிவத்தில் இருந்தால் கைத்துப்பாக்கி பெர்மிட்டே வேண்டும். வீட்டுக்குள் இருப்பதால் பதறாதீர்கள், ஆனால் பையன் எடுத்துக்கொண்டு பார்க்குக்கோ பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கோ போய்விடக் கூடாது. பெட்டியைப் பிரித்துவிட்டீர்களா?

அலன்டவுன்காரன் | ஜனவரி 11

இல்லை. எடுத்துக் கேபினட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன். மகன் வாசலில் நின்று எப்போது தருவாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். எடிசன் போலீஸ் பதில் போடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.